வெள்ளைப்படுதலும் என் கேரளா சந்தேகமும்

மூன்று வருடங்களுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் நடந்தது இது. பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நான் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழிலாளி. இங்கே தடை வந்ததும் கேரளாவுக்குப் போய் அங்கே படகேறிவிடுவார்.

அந்த முறை அவர் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் எனக்கு வெள்ளைப்படுதல் அதிகமானது. லேசாகப் படுவது எப்போதும் உண்டுதான், அதை நான் கண்டுகொள்வதில்லை. இது வேறு மாதிரி இருந்தது. திரிந்த தயிர் போலக் கட்டி கட்டியாக வந்தது. தாங்க முடியாத அரிப்பு, ஒன்றுக்குப் போனால் எரிச்சல்.

என் புத்தி நேரே கேரளாவுக்குப் போனது. அங்கே எவளிடமோ நோயை வாங்கி வந்து எனக்குக் கொடுத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் புதுச் சட்டை போட்டால் சந்தேகம். போனில் சிரித்தால் சந்தேகம். அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துத் துழாவினேன். கிடைத்ததெல்லாம் மீன் படங்கள்தான். அழித்திருப்பார் என்று அதற்கும் ஒரு சந்தேகம். படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொண்டேன்.

“நான் என்னத்தா பண்ணேன்? பக்கத்துல வந்தாலே மூஞ்சியத் திருப்புற” என்று கேட்டார். நான் பாயை இன்னும் தள்ளிப் போட்டேன்.

கூடப் பாசி எடுக்கும் மதினியிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன். “கடத்தண்ணிய விடவா மருந்து இருக்கு? கூடக் கொஞ்ச நேரம் நில்லு, ஆறிப்போகும்” என்றாள். பாறை கிழித்த காயத்தை எல்லாம் கடல்தான் ஆற்றும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. நானும் நம்பி நின்றேன். கரையேறிய பிறகும் ஈரத்துணியோடே கிடந்தேன், வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் கழுவினேன். தோல் வெந்து நடக்கவே முடியாமல் போனது.

வேறு வழியில்லாமல் ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். “நானும் வாரேன்” என்று அவர் பஸ் ஏறினார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று உளவு பார்க்கத்தான் வருகிறார் என நினைத்துக்கொண்டேன்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மனதில் இருந்ததை எல்லாம் டாக்டரிடம் கொட்டினேன். பரிசோதித்துவிட்டு, “இது பூஞ்சைத் தொற்றும்மா. ஈரத்துணியும் உப்புத் தண்ணியும் இன்னும் மோசமாக்கிருச்சு. உங்க வீட்டுக்காரர் கொண்டு வந்தது மாதிரி தெரியல” என்றார். பச்சையாகவோ மஞ்சளாகவோ கெட்ட வாடையோடு பட்டாலும், ரத்தம் கலந்து வந்தாலும், அடிவயிறு வலித்தாலும், காய்ச்சல் இருந்தாலும் உடனே வந்து காட்ட வேண்டும், சில தொற்றுகளுக்குப் புருஷனுக்கும் சேர்த்து மருந்து தர வேண்டியிருக்கும் என்று விளக்கினார். கடைசியில் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆய்வுக்கூடத்தில் கமிஷன் வாங்குகிறாரோ என்று அவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எனக்குத் தெரியாமலே எத்தனை காலமாக இருந்ததோ! இப்படி ஒரு தொற்று வர அதுவும் காரணமாகும் என்றார் டாக்டர்.

வெளியே வந்தேன். கையில் ரோஸ்மில்க்கோடு நின்ற அவர், “புத்துநோயா?” என்றார்.

“இல்ல, சுகரு.”

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “எங்கக்காவும் இப்படித்தான். வெள்ளை படுதுன்னு யார்ட்டயும் சொல்லாம ஒதுங்கி ஒதுங்கிப் படுத்து, பெறகு கர்ப்பப்பை புத்துன்னு போய்ச் சேந்துச்சு. நீயும் பாயத் தனியாப் போட்டியா, எனக்கு உசுரே இல்ல” என்றவர், நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கென்று வாங்கிய ரோஸ்மில்க்கை அவரே குடித்தார்.

மாத்திரையும் மருந்தும் எடுத்து அந்தப் பூஞ்சைத் தொற்று சரியானது. சர்க்கரைக்கு இன்றும் மருந்து சாப்பிடுகிறேன். அவர் கேரளாவுக்குக் கிளம்பினால் சந்தேகமும் தலைகாட்டத்தான் செய்கிறது, என் சுபாவம் அப்படி; ஆனாலும் உடம்பில் ஏதாவது ஒன்று மாறினால், அதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் டாக்டரிடம் போய்விடுகிறேன்.