பத்து மணி முதல் பதினொன்றரை வரை

போன புதன்கிழமை, காலை பத்து நாற்பது.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு. எங்கள் ஆபீஸில் போனை எடுக்கும் ரேவதி அதில் எழுதியிருந்தாள்: ‘10.40. ஹாஸ்டல் வார்டன். திரும்பப் பேசச் சொன்னார்.’ அதை நான் படித்தது பதினொன்றரைக்கு!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். பெரம்பலூரில் உரக்கடை மாடியில் இருக்கும் வெப்சைட் கம்பெனி. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவி. எந்த வேலை யாரிடம் இருக்கிறது, எப்போது முடியும், ஏன் முடியவில்லை... இதையெல்லாம் விசாரிப்பதுதான் என் உத்தியோகம். தினமும் பத்து முதல் பதினொன்றரை வரை ரிவ்யூ. அந்த நேரத்தில் செல்போன்கள் எல்லாம் ஆஃப். ஆபீஸ் போன் வந்தால் ரேவதி ‘அவசரமா?’ என்று கேட்பாள். ‘இல்லை’ என்றால் சீட்டு.

இந்த விதியைப் போட்டது யார்? நான்தான். இதனால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று முதலாளி பாராட்டியதை இந்தப் பத்தியிலேயே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

வார்டனுக்குப் போன் போட்டேன். என் மகள் நித்யா கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் முதல் வருடம். விடியற்காலை ஆறு மணிக்குப் பையோடு கிளம்பிப் போய்விட்டாளாம். வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் ரூம்மேட்டிடம் சொல்லியிருக்கிறாள். வார்டன் கேட்டது ஒரே கேள்வி:

“உங்க பொண்ணு வந்து சேர்ந்துட்டாளாம்மா?”

அவள் கிளம்பியதே எனக்குத் தெரியாது.

என் மேஜையில் ஒரு கம்பி உண்டு. பார்த்து முடித்த சீட்டுகளை அதில் குத்தி வைப்பேன். கை தானாக அங்கே போயிற்று. வியாழன், 10.35 — ‘உங்க பொண்ணு. அவசரம் இல்லையாம்.’ சனி, 10.30 — அதேதான். திங்கள், 10.35 — அதேதான். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் எப்படியும் ஹாஸ்டலுக்குப் பேசுவோமே என்று முதல் இரண்டையும் விட்டேன். பேசினேன். நல்லா இருக்கேம்மா என்றாள். திங்கட்கிழமைச் சீட்டை அடுத்த ஞாயிறுக்கு ஒதுக்கி வைத்தேன்.

இப்போது தெரிகிறது. ஹாஸ்டலில் செல்போன் கூடாது. இருப்பது ஒரு ரூபாய் காயின் போன் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது பின்னால் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அங்கே நின்றுகொண்டு ‘வகுப்பில் ஒரு வார்த்தை புரியவில்லை, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போ’ என்று எப்படிச் சொல்வது? பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பெண். அந்தப் போன் காலியாக இருப்பது காலை இடைவேளையில்தான் — பத்தரைக்கு. அதாவது, என் ரிவ்யூ நேரத்தில்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் குழுவில் ஒருவர் ‘கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு மேடம்’ என்றால் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று கண்டுபிடித்துவிடுவேன். ‘போயிட்டிருக்கு’ என்றால் ஆரம்பிக்கவே இல்லை. அந்தப் பேச்சுக்கெல்லாம் எனக்கு அகராதியே உண்டு. சொந்த மகள் ‘நல்லா இருக்கேன்’ என்றால் மட்டும்... அப்படியே நம்பிவிட்டேன்.

ரிவ்யூவில் என்னிடம் திட்டு வாங்குகிறவர்கள் அன்று என்னை எதுவும் கேட்கவில்லை. குமரன் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சிங்கப்பூர் கஸ்டமருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை யாரோ அனுப்பினார்கள். ரேவதி போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அரியலூருக்குக் கிளம்பினேன். வீடு அங்கேதானே? சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று நித்யாவுக்குத் தெரியுமே?

ஒரு மணி நேரப் பயணம். தினமும் போகிற ரோடுதான். அன்று எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே போனேன்.

பக்கத்து வீட்டு பாத்திமாக்கா சாவியை என் கையில் கொடுத்தார். யாரும் வரவில்லை.

மணி ஒன்று. இரண்டு. இரண்டரை. ஆறு மணிக்குக் கிளம்பியவள் இந்நேரம் வந்திருக்க வேண்டும். மூன்று. என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். கூப்பிடலாமா என்று இரண்டு முறை செல்போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டேன். அங்கிருந்து அவர் என்ன செய்வார்? என்னைப் போலவே தனியாக உட்கார்ந்து பயப்படுவார். ஒருவர் போதாதா?

நித்யா கல்லூரிக்குப் போன இந்த மூன்று மாதத்தில் வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததை நான் கவனித்ததே இல்லை. காலையில் பூட்டிவிட்டுப் போய், இருட்டிய பிறகு வந்து, சீரியல் சத்தத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். பகல் மூன்று மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பாத்திமாக்கா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நாலே கால் மணிக்கு செல்போன் அடித்தது. ரேவதி.

“மேடம், நித்யா இங்கதான் இருக்கு. பயப்படாதீங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வராம நாலு ரோட்டுலயே எறங்கி நடந்து வந்துருக்கு. கீழ உரக்கடைக்கிட்ட நின்னுட்டிருந்துச்சு. நான் டீ வாங்க எறங்கினப்பதான் பார்த்தேன்.”

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்டேன்.

“ரெண்டு மணியிலேருந்து மேடம். ஏம்மா மேல வரலைன்னு கேட்டேன். அம்மாவுக்கு மீட்டிங் முடியட்டும்னுதான் நின்னேங்குது.”

எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். நானும் அரியலூருக்கு ஓடினேன். அவளோ என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள்.

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு மறுபடியும் ரேவதிதான். “நேர்ல வந்து பேசுறேங்குது மேடம். நானே கூட்டிட்டு வரேன்.”

ரேவதி வீடு பாதி வழியில், குன்னத்தில். அரியலூர் வந்தால் அவள் திரும்பிப் போக எவ்வளவு நேரமாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். ரேவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். நித்யா உள்ளே வந்து பையை இறக்கி வைத்தாள். கன்னமெல்லாம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. நாற்காலியில் உட்காராமல், ஆபீஸுக்கு வந்த கஸ்டமரைப் போல நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“இப்பப் பேசலாமாம்மா?”