ரைட்டர் வீட்டுப் பேட்டரி

சூடேற்றிய உளி தாருக்குள் இறங்கியது. இடது கை பேட்டரிப் பெட்டியின் விளிம்பை அமுக்கிப் பிடித்திருக்க, வலது கை உளியை ஓரமாகவே நடத்திக்கொண்டு போனது. உள்ளே தள்ளிக் குத்தினால் மூடி உடைந்துவிடும். தார் இளகிச் சுருண்டு வந்தது. நடு அறையைச் சுற்றியிருந்த தார் முழுவதும் நீங்கியதும், கைகள் இரண்டு குறடுகளால் ஈயக் கம்பங்களைப் பிடித்து மேலே தூக்கின. தகடுகளின் அடுக்கு அமிலம் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. சொட்டியதில் நுரை இருந்தது. புளித்த வாடையும் அடித்தது.

கைகள் அப்படியே நின்றன. சார்ஜ் ஏறும்போது பேட்டரி நுரைப்பதுண்டு. சும்மா இருக்கும்போது நுரைப்பதில்லை. புளித்த வாடைக்கு அதில் வேலையே இல்லை.

கைகளுக்கு உரியவர் பொன்னுலிங்கம். நாகர்கோவில் வடசேரியில் பேட்டரி ஆசாரி என்று கேட்டால் கடையைக் காட்டுவார்கள். உருளியும் குத்துவிளக்கும் வார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் செம்பும் தகரமும் கிடைக்காமல் உலை அணைந்தபோது, ஒரு லாரி ஷெட்டில் பற்றவைக்கிற வேலைக்குப் போனார். அங்கே பேட்டரித் தகடுகள் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. உடைந்த தகடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்குக்குக் கரு எடுப்பதுபோல அதற்கும் கரு எடுத்து அச்சு செய்தார். மெல்லிய கம்பிகளுக்குள் ஈயம் ஓடவில்லை. அச்சைச் சூடாக்கி, புகைக்கரி பூசி ஊற்றியபோது ஓடியது. அதுவரை அப்பாவுக்குத் தெரிந்த வித்தை. அதற்குமேல், ஈயச் செந்தூரத்தை அமிலத்தில் குழைத்துக் கம்பிகளுக்கிடையே அப்புவதையும் நிழலில் காயவைப்பதையும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெடித்துப்போன தகடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

அமிலம் தெறித்து அவருடைய வேட்டிகள் எல்லாம் ஓட்டையாக இருக்கும். சல்லடைக் கண் வைத்த அரிப்பெட்டியை உடுத்திக்கொண்டு போகிற ஆள் என்று மனைவி சண்முகவடிவு சொல்வாள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு பேட்டரியில் மூன்று அறைகள். மூன்றும் ஒரே வயதாக இருக்க வேண்டும். பழைய அறையை நடுவே சொருகித் தாரால் மூடிவிட்டால் வெளியே தெரியாது. கொஞ்சநாள் ஓடவும் செய்யும். பிறகு அந்த நோஞ்சான் அறை மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு சாகும். வேறு கடைகளில் அப்படிச் செய்து கொண்டுவரும் பேட்டரிகளைப் பிரித்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அன்று பிரித்த பேட்டரி கொட்டாரத்து சுந்தரராஜுடையது. சுந்தரராஜ் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பங்களாவில் ஏற்பட்ட ஆங்கில ரேடியோப் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. அவர் வீட்டுப் பக்கம் மின்சாரம் வரவில்லை என்பதால் பேட்டரி ரேடியோ வாங்கினார். பேட்டரி ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ்ஸில் வடசேரிக்கு வரும். செவ்வாய் மாலை திரும்பிப் போகும். ஒரு சார்ஜ் ஒரு வாரத்துக்கு. அதற்குள்தான் உலகம் முழுவதையும் கேட்டாக வேண்டும்.

அதனால் ரைட்டர் வாரத்தைப் பங்கு வைத்திருந்தார். செவ்வாய் இரவு லண்டனிலிருந்து ஒரு நாடகம். புதன்கிழமை விஞ்ஞானப் பேச்சு, அதுவும் ஆள் நன்றாகப் பேசினால்தான். இழுத்துப் பேசினால் பாதியில் அணைத்துவிடுவார். வியாழன் வாத்திய இசை, மனைவி ராஜபாய்க்காக. வெள்ளிக்கிழமை நேயர்களின் கடிதங்களை வாசிப்பார்கள். ஞாயிறு மணியோசையோடு தொடங்கும் ஆராதனை. பேட்டரி வீட்டில் இருக்கும் நாளெல்லாம் செய்தி உண்டு, தலைப்புகள் முடிந்ததும் குமிழைத் திருகிவிடுவார். ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிக்கெட் வர்ணனை வருகிற காலத்தில் மட்டும் இந்தப் பங்கீடு குலையும்.

பொன்னுலிங்கத்துக்கு ஆங்கிலம் தெரியாது. இந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. திங்கட்கிழமை பேட்டரி வந்ததும், ரப்பர் பந்து வைத்த கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் தக்கை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அவருக்குத் தெரிந்த ரேடியோ அதுதான். ரைட்டர் ஒருமுறை நேரில் வந்து தம் வாரத்தை விவரித்த பிறகு, அந்த வாரம் என்ன கேட்டிருப்பார் என்று பொன்னுலிங்கம் தக்கையைப் பார்த்தே ஊகிக்கத் தொடங்கினார். நாடகம் நீண்டுவிட்டது போலிருக்கிறதே என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவார். ஆமாம், அதில் கடைசிவரை யாரும் சாகவில்லை என்று பதில் வரும். தக்கை அடியோடு மூழ்கியிருந்தால் கிரிக்கெட்.

இந்தத் திங்கட்கிழமை பேட்டரியோடு ரைட்டரே வந்திருந்தார். கடந்த இரண்டு வாரமாக வெள்ளிக்கிழமைக்கே ரேடியோ முனகத் தொடங்கிவிட்டதாம். கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்திருந்தார். பொன்னுலிங்கம் தகடுகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"சாரே, இந்த நடு அறையில என்ன ஊத்துனியோ?"

"வெள்ளந்தான்."

"என்ன வெள்ளம்?"

"கருக்கு வெள்ளம்."

வெள்ளம் என்றால் அந்தப் பக்கத்தில் தண்ணீர், கருக்கு என்றால் இளநீர். பொன்னுலிங்கம் தகடுகளைத் தொட்டிக்குள் இறக்கி வைத்தார். ரைட்டர் சங்கடம் எதுவும் இல்லாமல் விளக்கினார். கடையிலிருந்து கொடுத்தனுப்பிய காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு ஓர அறைகளுக்கும் சரியாகப் போய்விட்டது. நடு அறையில் தகடு வெளியே தெரிந்தது.

"நீருதான சொன்னீரு, ஆசாரியாரே. கெணத்து வெள்ளம் ஆகாது, பைப்பு வெள்ளம் ஆகாது, மண்ணும் மனுசக் கையும் படாத வெள்ளமா இருக்கணும்னு. கருக்க விட்டா நம்ம ஊருல அப்படி வேற என்ன வெள்ளம் இருக்கு?"

பொன்னுலிங்கம் அதை வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் அந்த வார்த்தைகளிலேயே சொல்லிவந்தவர்தான். மழைத் தண்ணீரைப் பிடித்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"அது ஓட்டுமேல விழுந்துல்லா வருது. ஓடு மண்ணுல்லா?"

இளநீரின் சர்க்கரையும் உப்பும் அமிலத்தோடு சேர்ந்து தகடுகளை அரித்திருந்தன. விரலால் தொட்டதும் செந்தூரம் சேறுபோல உதிர்ந்தது. ஓர அறைகள் இரண்டும் நல்லபடியாக இருந்தன. அவரே ஒரு வருஷத்துக்கு முன்பு கட்டியவை. நடு அறைக்கு மட்டும் புதுத் தகடு போட்டால் போதும், இவ்வளவு சின்ன வயது வித்தியாசம் குற்றமில்லை. அடுத்த வாரக் கடைசியில் தருவதாகச் சொன்னார்.

"இந்தச் சனிக்கிழமை வேணும்," என்றார் ரைட்டர்.

முடியாது என்றார் பொன்னுலிங்கம். அப்பிய செந்தூரம் நிழலில் காய வேண்டும். அதன் பிறகு முதல் சார்ஜைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் தகடு வளைந்து, அப்பியது முழுவதும் அடியில் போய்விடும். வாடகைக்கு விடுகிற பேட்டரி மைக் செட்டுக்காரரோடு களியக்காவிளைப் பக்கம் ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தது. அது ஞாயிறுக்குப் பிறகுதான் வரும்.

ரைட்டர் குடையை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மகள் லீலாபாய் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அங்கே படிக்கும் வெளிநாட்டுப் பெண்கள் சிலரை ரேடியோவில் பேச வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலை, அரை மணி நேர நிகழ்ச்சி. ஒரு முறைதான் ஒலிபரப்பாகும். ராஜபாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் மின்சார ரேடியோ இருக்கிற வீட்டுக்கு வர முடியாது. அக்கம்பக்கத்தில் வேறு ரேடியோவும் இல்லை.

"நான் வந்து இங்க யாரு வீட்டுலயாவது கேட்டுக்கிடுவேன். அவ கேக்கணும். பிள்ளைக்க சத்தத்தக் கேட்டு ரெண்டு வருசமாச்சு அவளுக்கு."

பொன்னுலிங்கம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அவரை பஸ் ஏற்றிவிட்டார்.

கடையின் பின்புறம், உருக்குவதற்காகப் போட்டிருந்த பழைய லாரி பேட்டரிகளில், ரைட்டரின் பெட்டிக்குள் அடங்கும் அளவில் இரண்டு அறைகள் தேறின. இரண்டையும் கழுவி, புது அமிலம் ஊற்றி, மெதுவாகச் சார்ஜில் போட்டார். சார்ஜ் ஏறுவதற்குள் ரைட்டரின் புதுத் தகடுகளையும் வார்த்து, அப்பிக் காயவைத்துவிட்டார். அந்த வேலை அதன் போக்கில் நடக்கட்டும் என்று எண்ணினார்.

புதன்கிழமை இரண்டு பழைய அறைகளுக்கும் தலா ஒரு சின்ன பல்பைக் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு பல்பு, அவர் டீ குடித்து முடிப்பதற்குள், சிவந்து சுருங்கியது. மற்றது வெகுநேரம் வெள்ளையாக எரிந்து, பிறகு பொசுக்கென்று மங்கியது. அதற்கு முழு வாரத்தைத் தாங்கும் வலு இல்லை. ஓர் அரை மணி நேரத்தைத் தாங்கும், மீதியும் கொஞ்சம் இருக்கும். அதை மறுபடி சார்ஜில் போட்டார்.

தகடுகளுக்கு இடையில் வைக்கிற மரச் சீவல்களை அளவாக நறுக்கிக்கொண்டிருந்த சண்முகவடிவு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பழசையும் புதுசையும் கலக்கவன் வெளங்கமாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்த ஆளு யாராக்கும்?"

"நான்தான்."

"இப்ப கையில இருக்கது என்னவாம்?"

"பழசுதான். ஏட்டி, இத நான் விக்கல்ல. இரவல் குடுக்கேன். நீ பக்கத்து வீட்டுக்கு அரிசி குடுக்கதில்லியா, அதுமாதிரி."

"நான் குடுத்த அரிசி இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல," என்று சொல்லிவிட்டு, பழைய அறைக்குப் பொருந்துகிற அளவில் சீவல்களை நறுக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பழைய அறையை ரைட்டரின் பெட்டிக்குள் இறக்கினார். இரண்டு பக்கமும் ஈயப் பட்டையால் இணைத்தார். சுடர் பட்டதும் ஈயம் கண்ணாடிபோல மினுங்க, அந்தக் கணத்தில் சுடரை எடுத்தார். கொஞ்சம் பிந்தினால் கம்பம் உருகி உள்ளே விழும். தார் ஊற்றி மூடினார். கடைசியாக மூன்று அறைகளையும் சேர்த்துச் சார்ஜில் வைத்தார். மத்தியானம் காற்றும் மழையும் அடித்து மின்சாரம் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டினால் பழைய தகடு தாங்காது.

சனிக்கிழமை காலை கண்ணாடிக் குழாயை ஒவ்வோர் அறையிலும் வைத்துப் பார்த்தார். ஓர அறைகளில் தக்கை நன்றாக உயர்ந்து நின்றது. நடு அறையில் ஒரு கோடு குறைவு. மதியம்வரை வைத்திருந்து மறுபடியும் பார்த்தார். குறைந்த கோடு குறைந்தேதான் இருந்தது. அதற்குமேல் அந்த அறை வாங்காது என்று தெரிந்ததும் கம்பியைக் கழற்றினார்.

வழக்கம்போல பஸ்ஸின் கூரையில் ஏற்ற மனம் வரவில்லை. நேற்று ஊற்றிய தார் இன்னும் இறுகவில்லை. பலகையில் வைத்து, சாக்கைச் சுற்றி, இருக்கைக்குக் கீழே இரண்டு பாதங்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு கொட்டாரம்வரை உட்கார்ந்து போனார். பக்கத்தில் இருந்தவர் சாக்குக்குள் கோழியா என்று கேட்டார். கடிக்காது என்றார் பொன்னுலிங்கம்.

ரைட்டரின் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. ராஜபாய்க்குத் தலை சீவி வெளுத்த சேலை உடுத்தியிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலின்மேல் ரேடியோ இருந்தது. சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் முனைகள் சுரண்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன.

பொன்னுலிங்கம் வாசலில் நின்றே, கொண்டுவந்தது என்ன என்பதை ஒளிக்காமல் சொன்னார். நடு அறை பழசு. இது அவர் செய்துகொடுக்கிற வேலையல்ல. திங்கட்கிழமை பேட்டரி கடைக்குத் திரும்பி வர வேண்டும், அப்போது புது அறையைப் போட்டுத் தருவார். இன்று அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும். முன்கூட்டிப் போட்டுப் பார்க்கக் கூடாது, ரேடியோவின் வால்வுகள் சூடாகிற நேரத்தை மட்டும் விட்டுக்கொள்ளலாம்.

"ஸ்டேஷன் எனக்குக் கண்ண மூடிட்டுத் திருப்புனாலும் கிட்டும்," என்றார் ரைட்டர். "அதுக்கு முந்தி செய்தி உண்டு. தலைப்பு மட்டும்..."

"செய்தி வேண்டாம் சாரே. உலகத்துல என்ன நடந்தாலும் நாளைக்குத் தெரிஞ்சாப் போதும்."

கட்டிலில் இருந்து ராஜபாய் சிரித்தாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு ரைட்டரைப் பார்த்து, "ஆசாரியாருக்க கையில எம்புட்டு நேரம் வச்சிருப்பியோ, வாங்குங்கோ," என்றாள்.

ரைட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். பொன்னுலிங்கம் சாக்கை விலக்கி, தார் இருக்கும் பக்கம் கை படாமல் அடியில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ரைட்டர் குனிந்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தார். பாரம் முழுவதும் அவருக்கு மாறிவிட்டது என்று உறுதியான பிறகு பொன்னுலிங்கம் தம் கைகளை எடுத்தார்.