அந்தியேட்டிக் கல்வெட்டிலை வந்த ஜப்பான் படம்

காய்ஞ்ச வெங்காயத்தின்ரை மணம்... அதோடை லப்டொப் சூடேறிக்கொண்டு வாற மணம்.

எங்கடை சண்டிலிப்பாய் வீட்டிலை விதை வெங்காயம் பிடி பிடியாய்க் கட்டித் தூக்கிற அறை ஒண்டு இருக்கு. யன்னலைச் சாத்தினால் பட்டப்பகலிலையும் இருட்டு. போன வருசம் அதுக்குள்ளை இருந்துதான் நானும் என்ரை மகள் தர்சியும் ஜப்பான் படம் பார்த்தனாங்கள். மத்தியானம், இவர் தோட்டத்தாலை வந்து சாப்பிட்டுப் படுத்தாப் பிறகு.

தர்சி கம்பஸிலை கடைசி வருசம். ஆய்வு ஒண்டு எழுத வேணுமாம். அறுபதுகளிலை ஜப்பானிலை இளந்தாரி டைரக்டர்மார் கொஞ்சப்பேர், பழைய ஆக்கள் மாதிரி எடுக்கமாட்டம் எண்டு பெரிய கம்பனியளோடை கொளுவிக்கொண்டு புதுமாதிரிப் படம் எடுத்தவையாம். அதைப் பற்றி.

நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான்.

"உதுக்கு நான் என்னத்துக்கடி?"

"ஜப்பானும் தெரியாத, கீழை ஓடுற இங்கிலீசும் வாசிக்காத ஆள்தான் எனக்கு வேணும் அம்மா. பாத்து விளங்கினதைச் சொல்லுங்கோ, காணும்."

"வேறை விசரியள் ஒருத்தரும் அம்பிடேல்லையோ?"

"கம்பஸ் முழுக்கத் தேடினனான். உங்களைப்போலை ஒருத்தரும் இல்லை."

சரி எண்டு வாயிலை வந்ததெல்லாம் சொன்னன். படம் ஒரே ஆட்டம். "கமெராக்காரனுக்கு நடுக்கக் காய்ச்சலோ?" எண்டு கேட்டால் அதையும் கொப்பியிலை எழுதுவாள். எழுதி எழுதிச் சிரிப்பாள்...

ஒரு படத்திலை ஒரு தாய். ஒரே மகன் செத்துப்போனான். சனமெல்லாம் போன பிறகு அவள் தனிய இருந்து சோறு சாப்பிடுறாள். கமெரா அவளின்ரை முகத்தை விட்டு அசையேல்லை. மெல்லுறாள், விழுங்கிறாள், திரும்பவும் போடுறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

நான் லப்டொப்பைத் தள்ளிவிட்டன்.

"இவளொரு தாயோ? பெத்தவள் எண்டால் அண்டைக்குத் தொண்டையாலை சோறு இறங்குமோ? நிப்பாட்டடி உதை!"

நான் கத்தின கத்திலை இவர் எழும்பி வந்திட்டார்.

"ஆரோடை சண்டை?"

"அம்மாவுக்கும் ஜப்பான்காரிக்கும் அப்பா" எண்டாள் தர்சி.

கார்த்திகை மழையோடை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு எண்டிச்சினம். நாலாம் நாள் என்ரை பிள்ளை இல்லை... இருபத்திமூண்டு வயசு.

பிள்ளையைக் கொண்டுபோனாப் பிறகு, வீடு கழுவி, முழுகிப்போட்டு ஒரு மூலையிலை போய் இருந்தன். பக்கத்து வீட்டாலை சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தது. ஒரு வாய் எண்டுதான் கையை வைச்சன்.

சோத்துக் கோப்பை வெறுமையாய்ப் போச்சு. "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" எண்டு நான் கேட்டது என்ரை காதுக்கே கேட்டுது. ஆரின்ரையோ கை வந்து போட்டுது. அதையும் சாப்பிட்டன். ருசியாயும் இருந்தது.

இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். அதுதான், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வாற சனத்துக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம். தேவாரம், செத்த ஆளின்ரை வரலாறு, வீட்டாரின்ரை புலம்பல் எல்லாம் அதிலை வரும். "பிள்ளை தன்ரை கையாலை எழுதினது ஏதும் கிடந்தால் தா, போடுவம்" எண்டு இவரின்ரை அக்கா, எங்கடை மச்சாள், கேட்டா.

தர்சியின்ரை கொப்பியைத் திறந்தன். 'அம்மா சொன்னவை' எண்டு தலைப்பு. கீழை என்ரை பேர்.

அதுக்கு மேலை வாசிக்கக் கண்ணீர் விடேல்லை. என்னைப் பற்றிப் பிள்ளை ஏதோ எழுதி வைச்சிருக்கிறாள் எண்டு நினைச்சு கொப்பியிலை இருந்த அந்த ஒற்றையளை அப்படியே குடுத்துவிட்டன். அச்சகத்திலையும் அப்படியே அடிச்சுப்போட்டினம். ஒருத்தரும் திருப்பிப் பார்க்கேல்லை. ஆருக்கு அந்த நேரம் பார்க்க மனம் வரும்?

அந்தியேட்டி அண்டு பந்தியிலை சனம் இருந்து சாப்பிடுது. மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்வெட்டைச் சத்தமாய் வாசிச்சா. தேவாரம் முடிஞ்சுது. அடுத்த பக்கம் திருப்பினா.

"இதென்ன மலர், கமெராக்காரனுக்கு நடுக்கக் காய்ச்சல் எண்டு கிடக்கு?"

ஆரோ சிரிச்சுப்போட்டு வாயைப் பொத்திச்சினம். அது படம் பார்க்கேக்கை நான் சொன்னது எண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. அவ வாசிச்சுக்கொண்டே போறா...

"பெத்தவள் எண்டால் அண்டைக்குத் தொண்டையாலை சோறு இறங்குமோ?"

சனம் பிசைஞ்ச சோத்தோடை என்னைத் திரும்பிப் பார்த்துது. என்ரை வாயாலை வந்த சொல்லு. என்ரை பிள்ளையின்ரை கல்வெட்டிலை, அச்சிலை, என்ரை பேரோடை.

எப்பிடிச் சொன்னன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

"எனக்கு இறங்கினது மச்சாள். அண்டைக்கு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான்."

மச்சாள் கண்ணாடியைக் கழட்டினா.

"தெரியும். ரெண்டாந்தரம் போட்டது நான்தானே... நீ கேட்டபடியாலைதான் எனக்கு மூச்சு வந்தது. இவள் தப்பியிடுவாள் எண்டு நினைச்சன்."

அப்பதான் நான் அழுதன். முப்பத்தொரு நாளிலை அப்பிடி ஒருக்காலும் அழேல்லை.

பிறகு, தர்சியோடை படிச்ச பிள்ளை நிலானி கொப்பியைக் கேட்டு வந்தவள். கூடப் படிச்சதுகள் சேர்ந்து ஆய்வை முடிச்சுக் கம்பஸிலை குடுக்கப்போகுதுகளாம்.

"அம்மா, அந்த வரியை வெட்டிவிடவோ?"

"வெட்டாதை பிள்ளை. அப்ப நான் அப்பிடித்தான் சொன்னனான். அதுக்குக் கீழை, பிறகு நடந்ததையும் எழுது."

அந்த நாளையிலை ஆரைப் பார்த்தாலும், இவள் நல்லவள், இவள் கூடாதவள் எண்டு பட்டெண்டு சொல்லிப்போடுவன். பக்கத்திலை இருந்து சிரிச்சுச் சிரிச்சு எழுத ஒருத்தி இருந்தாள்.

இப்ப ஆரின்ரையும் பிள்ளை செத்த வீட்டுக்குப் போனால் நான் ஒண்டும் கதைக்கிறேல்லை. பெத்தவளுக்குப் பக்கத்திலை சோத்துக் கோப்பையோடை போய் இருக்கிறன். கேட்டால் போடுறன். திரும்பக் கேட்டால், திரும்பவும் போடுறன்.