ஏழாம் நம்பர் ஜாடி

பைன் மரங்களை அவற்றின் விதை எண்ணெயை வைத்து இனம் பிரிப்பது என் ஆராய்ச்சி. இலையும் காயும் பார்வைக்கு ஒன்று போலிருந்து ஏமாற்றும். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் ஏமாற்றாது என்பது எங்கள் கட்சி. எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பைன் மரம் கிடையாது, முந்திரிதான். இருந்தும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விதைகளை எங்கள் வீட்டில் வைத்திருந்தேன், ஹாஸ்டலில் எலி. பீங்கான் கம்பெனியில் கோணல் என்று கழித்த ஜாடிகள் எங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். மரத்துக்கு ஒரு ஜாடி, மேலே நம்பர்.

ஏழாம் நம்பர் விதையின் எண்ணெயைக் கருவியில் ஓட்டியபோது, எந்தப் பைனிலும் இல்லாத ஓர் அமிலம் தெரிந்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் தெரிந்தது. பைனைப் பற்றிய கட்டுரைகளையெல்லாம் புரட்டினேன். ஒன்றிலும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இது புது இனம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். திங்கட்கிழமை பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்றார் என் பேராசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் துவரையைக் கொட்டி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வண்டு அண்டாமலிருக்க எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

“ஒன் ஜாடியிலகூட வண்டு வச்சிருந்துச்சு. இதே மாரி தடவி, வெயில்ல காயவச்சி எடுத்து வச்சேன்,” என்றார்.

“எந்த ஜாடிம்மா?”

“ஏழு போட்டிருந்துச்சே, அது.”

நான் கண்டுபிடித்த புது இனம் ஆமணக்கு. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று பத்து நிமிடம் நினைத்தேன். பிறகு பேராசிரியருக்கு போன் செய்து சொன்னேன். அவர் “அம்மாவத் திட்டிடாதீங்க,” என்று வைத்துவிட்டார்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. “படிப்பு போச்சா?”

“இல்ல. அடுத்த பருவத்துலதான் புது விதை வரும். ஒரு வருஷம் தள்ளிப்போவுது.”

“வெதைக்கத்தான் வச்சிருக்கன்னு நெனச்சேன்.”

“எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா எரிஞ்சி வுழுவியே.”

முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் என் ஆராய்ச்சியை விளக்கிப் பக்கம் பக்கமாக மெயில் எழுதியவள் நான். அவமானமாக இருந்தது. முறத்துக்கு எதிரில் உட்கார்ந்து, பைன் என்றால் என்ன மரம் என்பதிலிருந்து தொடங்கினேன்.