வாசலில் வந்த மேளம்

அடுத்த நாள் காலை என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. அவர் மேல் அறையில் படுத்திருந்தார். நான் கீழே சமையலறையில், கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் மேளம் கேட்டது.

குழாயை மூடினேன். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த தெருவில், ஒரு வீட்டு வாசலில் பறை முழங்கினால் உள்ளே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். இங்கே, கடல் கடந்து வந்து குடியேறிய ரூஜில், பனி கொட்டுகிற மாசி மாதத்தில், என் வாசலில் வந்து அடிப்பது யார்?

கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக் கொரியப் பெண், கையில் சின்ன வெண்கலச் சேகண்டியோடு நின்றாள். பின்னால் மேளங்களோடு நாலைந்து பேர், வெள்ளை உடுப்பின்மேல் கலர் கலராய்ப் பட்டி கட்டியிருந்தார்கள். அவர்கள் ஊரில் வயல்வேலைக்கு அடிக்கிற மேளமாம். அவர்களுடைய புதுவருடத்தின் முதல் பௌர்ணமிக்கு வீடு வீடாகப் போய், நிலத்தை மிதித்துக் கெட்டதைத் துரத்துவார்களாம். என் கணவருக்கு வருத்தம், காலையில் சத்திரசிகிச்சை என்று அறிந்து எங்களிடம்தான் முதலில் வந்தாளாம்.

நல்ல மனம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, சமையலறையில் வைக்க ஒரு கோப்பை அரிசியும் ஒரு மெழுகுதிரியும் கேட்டாள். மேளம், அரிசி, விளக்கு. செத்தவீட்டுக்கு இன்னும் என்ன குறை? வேண்டாம், போங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தியே விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"உவையளை ஏன் கலைக்கிறீர்?"

திரும்பினேன். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி என் கணவர் நின்றார்.

"செத்தவீட்டு மேளம் மாதிரிக் கிடக்கு. நாளைக்கு ஒப்பரேசனை வைச்சுக்கொண்டு... எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

"செத்தவீட்டு மேளமெண்டா நான் படுத்தெல்லோ கிடக்கோணும்? நான் நிக்கிறன். வரச் சொல்லும்."

அரிசியை அள்ளினேன். பாதி நிலத்தில் கொட்டியது. அவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சமையலறையைச் சுற்றிச் சுற்றி மிதித்தார்கள். அலுமாரிக்குள் கிளாசுகள் அதிர்ந்தன. கணவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன், அவர் அதில் இருக்கவில்லை. முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, என் கால் தன்பாட்டில் அந்தத் தாளத்தை மிதித்துக்கொண்டிருந்தது. நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது.

இந்த வருடமும் மேளம் வந்தது. நான் சமையலறையில் கோப்பையில் அரிசி நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர்தான் போய்க் கதவைத் திறந்தார்.