மொட்டைத் தரையில் இறங்கிய குட்டி விமானம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, திண்டுக்கல்லில் இருந்த என் வெல்டிங் பட்டறை வாசலில், டெம்போவிலிருந்து விமானத்தின் கால் ஒன்றை இறக்கினார்கள். இடது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய். நடுவில் முறிந்திருந்தது.

கொண்டுவந்தவர் சேவியர் சார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னாளில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். வடமதுரைப் பக்கம் தன் தோட்டத்துக் கொட்டகையில், குழாயும் துணியும் வைத்து ஓர் ஆள் மட்டும் உட்காரும் விமானம் கட்டியிருந்தார். பக்கத்தில் வற்றிக் கிடந்த குளம்தான் அவருக்கு ரன்வே.

"எறங்கையில பொத்துன்னு விழுந்துருச்சு பாண்டி. இன்னும் கனமான பைப்பாப் போட்டுக் குடுப்பா."

போட்டுக் கொடுத்தேன். சில வாரங்களில் திரும்பி வந்தார். இந்த முறை காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்திருந்த அடிச்சட்டம் பிய்ந்திருந்தது. சாரின் நெற்றியில் தையல். கூடவே அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர்.

"இத ஒட்டிக் குடுக்காதீங்க தம்பி. குடுத்தா இவுக மறுபடி ஏறுவாக. அடுத்த தடவ ஒடையப்போறது இரும்பா இருக்காது," என்றார் டீச்சர்.

எனக்கு வேறொரு குடைச்சல். இரண்டு முறையும் எஞ்சின் நன்றாக ஓடியிருக்கிறது, காற்றும் இல்லை. பிறகு ஏன் விழுந்தது?

"விழுந்த எடத்தப் பாக்கலாமா சார்?"

மூவரும் குளத்துக்குப் போனோம். சக்கரம் குத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் உருண்டு வந்த தடமே இல்லை.

"தரைக்கு வந்துட்டோம்னு விமானத்தோட மூக்கத் தூக்கினேன். பாத்தா இன்னும் ரெண்டாள் ஒசரம் இருந்துருக்கு. வேகம் செத்துப்போயி அப்படியே விழுந்துட்டேன்," என்றார் சார்.

"மொத நாளு நல்லாத்தான எறங்குனீங்க?" என்றார் டீச்சர். "அன்னைக்கு இங்கெல்லாம் சோளத்தட்டை கெடந்துச்சு."

"சக்கரத்துல சிக்கும்னு நான்தான் ஆள் விட்டு வழிச்சு எடுத்தேன்…" சார் பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நாங்களும் பார்த்தோம். வெளுத்த வண்டல். ஒரு புல் இல்லை, கல் இல்லை. கரைமேல் ஏறி நின்று பார்த்தேன். அளந்து பார்க்க ஒரு அடையாளமும் இல்லாததால், தரை பக்கத்தில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று என் கண்ணுக்கே பிடிபடவில்லை.

சட்டத்தை ஒட்டிக் கொடுத்தேன். மேலிருந்து பார்த்தால் தரையின் உயரம் தெரியட்டும் என்று, ஓடும் பாதையின் இரு ஓரமும் தென்னமட்டைகளை வரிசையாகப் போட்டோம். டீச்சரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டை சுமந்தார். பிறகு கரையில் நின்று, சிலுவை டாலரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சார் ஏறிப் பறந்த விமானம் ஒரு வட்டம் போட்டுத் தாழ வந்தது. மட்டைகளுக்கு நடுவே சக்கரம் தொட்டது, லேசாகத் துள்ளியது, உருண்டு போய் நின்றது.

"இன்னிக்கு இம்புட்டுப் போதும். எறங்குங்க!" என்று டீச்சர் கத்தினார்.

அதற்குப் பிறகு, பட்டறைக்கு எது முறிந்து வந்தாலும் அது எங்கே, எப்படி முறிந்தது என்று கேட்காமல் நான் கேஸைப் பற்றவைத்ததில்லை.