சித்தியின் தை மாதத் தும்மல்

சித்திக்குத் தும்மல் தொடங்கினால் எங்கள் திருவொற்றியூர்ச் சந்தில் எல்லோரும் மணலிப் பக்கம் பார்த்துத் திட்டுவார்கள். கம்பெனிப் புகையைத் தவிர வேறு எதன்மேலும் எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் புகை வருஷம் முழுக்க இருந்தது. சித்தியின் தும்மலோ மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் வரும். வந்தால் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல இளைக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் மழை மார்கழி கடைசிவரை இழுத்தது. தையில் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான்: பெண் வேலையை விட்டுவிட வேண்டும். சித்தி அப்போது கன்டெய்னர் யார்டில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு அந்த வண்டி?" என்றார் மாமா. அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"பொண்ணு பாக்கறத எண்ணூர்ல ஒன் வூட்லயே வெச்சிக்கலாம்ணா. அங்க மணலிப் பொகை வராது, காத்து சோக்கா கீது" என்று மட்டும் சித்தி சொன்னாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது.

பெண் பார்க்கும் நாள் காலையில் எண்ணூரில் மழை வந்துவிடக் கூடாதே என்று அம்மா வேண்டிக்கொண்டாள். சித்தியும் வேண்டிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் தோப்புக்குள் கூட்டிப் போனாள். மரங்கள் பாதிதான் தெரிந்தன. மேல்பாதி பனியில் கரைந்திருந்தது. ஊசி இலை நுனிகளில் செம்பழுப்பாய்ப் பூ, அதன்மேல் துளித்துளியாக ஈரம். சித்தி ஒரு கிளையை உலுக்கினாள். தண்ணீர்தான் சொட்டியது.

"ஈரமா கீது. வெயில் வரட்டும், இரு."

"இன்னாத்துக்கு சித்தி?"

"கம்முனு வேடிக்கை பாரு."

காத்திருந்தோம். வெள்ளையாக இருந்த உலகம் மெல்ல மெல்லப் பொன்னிறமானது. ஈரம் காய்ந்தது. கடற்காற்று எழுந்ததும், மழை அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பூக்கள் எல்லாம் ஒன்றாக அவிழ்ந்தது போல மரத்துக்கு மரம் மஞ்சள் தூள் கிளம்பி, வெயிலில் மிதந்தது. சித்தி முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, அதன் நடுவே நின்றாள். கனவில் வருகிற ஆள் மாதிரி இருந்தாள். நான் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் அந்தத் தூள் காய்ந்தால் பறக்கும், சிலருக்கு மூச்சை அடைக்கும் என்பதெல்லாம், எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிறகு நான் படித்தது. சித்தியோ முந்தைய வருஷத் தையில் அதே தோப்பில் சுள்ளி பொறுக்கப் போய், இளைத்துக்கொண்டு திரும்பியவள்.

மத்தியானம் காபி டம்ளர்களோடு சித்தி வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "அப்போ தேதி குறிச்சிக்கலாமா?" என்று கேட்டதும் ஓர் ஒற்றைத் தும்மல். நல்ல பேச்சில் ஒற்றைத் தும்மல் ஆகாதே. எல்லோரும் தண்ணீர் குடித்து, எழுந்து உட்கார்ந்து, பேச்சை முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி ஒன்று. அதற்கடுத்த முறை தும்மல் நிற்கவேயில்லை. விசில் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"பொண்ணுக்கு இளைப்பு கீதா?"

"சேச்சே, மணலிப் பொகைங்க" என்றார் மாமா.

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். "காத்து கடல்லேந்துல்ல வருது."

தேதி குறிக்காமலே அவர்கள் போனதும் மாமா, "நான் குடுத்த வாக்கு மேலயே தும்மிட்டியேடி" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குமேல் திட்ட அவருக்கும் வழியில்லை. தும்மலை யார் என்ன செய்ய முடியும்?

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சித்தி நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வெந்நீர் வைக்க உள்ளே போயிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"அழுவாத சித்தி. நான் பெரியாளாயி ஒனக்கு நல்ல மாப்ளயா பாக்கறேன்."

மூச்சு கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பொறுமையா பாரு நைனா. நாளான்னிக்கு எனக்கு வண்டி டெஸ்ட்டு கீது" என்றாள். அவள் தோள்கள் குலுங்கின. இவ்வளவு துக்கத்திலும் ஒருத்தி எப்படிச் சிரிக்கிறாள் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவே இல்லை.